துடைக்கச் சொன்னாலும் துடைக்காத மென்பொருள்

பாஸ்வேர்டைத் தட்டி எண்டரை அழுத்தியதும் அது கணினியின் ராம் நினைவகத்தில் போய் உட்காருகிறது. மென்பொருள் அதைச் சரிபார்த்துவிட்டு இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆனால் எழுத்துகள் அங்கேயே கிடக்கும். சாமான்களை எடுக்காமல் சாவியை மட்டும் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போன குடித்தனக்காரர் மாதிரி.

கிடந்தால் என்ன? 2014இல் வெளிவந்த ஹார்ட்பிளீட் பிழையில், ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தைப் பயன்படுத்திய பல சர்வர்களிடம் தந்திரமாகக் கேட்டால் ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை நினைவகத்தை அள்ளிக் கொடுத்தன. முன்பு யாரோ தட்டிய பாஸ்வேர்டுகளும் அதில் இருந்தன.

மின்சாரம் போனால் ராம் காலியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் 2008இல் ராம் சிப்பைத் திரவ நைட்ரஜனில் குளிரவைத்துப் பார்த்தார்கள். கணினியிலிருந்து கழற்றி 60 நிமிடம் ஆன பிறகும் 0.17 சதவீதத் தகவல்தான் அழிந்திருந்தது. வட்டில் உள்ளதைப் பூட்டிவைக்கும் மென்பொருள்களின் சாவிகளை அவர்கள் ராமிலிருந்தே எடுத்துக் காட்டினார்கள்.

அப்படியானால் வேலை முடிந்ததும் துடைத்துவிட வேண்டியதுதானே? சி மொழியில் அதற்கு ஒரு வரி போதும். மெம்செட் என்ற கட்டளை அந்த இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பிவிடும். வேடிக்கையே இங்கேதான். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு வேகம்தான் குறி. பூஜ்யம் எழுதிய இடத்தைப் பிறகு யாரும் படிக்கவில்லை என்று கண்டால், வீண் வேலை என்று அந்த வரியையே தூக்கிவிடுகிறது. விடை மாறவில்லை, ஆகவே விதிப்படி அது தப்பும் இல்லை! நிரலைப் படிப்பவர் கண்ணுக்குத் துடைக்கும் வரி தெரியும்; ஓடுகிற மென்பொருளில் அது இருக்காது. பிழை தேடும்போது கம்பைலரின் இந்தச் சிக்கனத்தைப் பெரும்பாலும் நிறுத்தி வைப்பார்கள் என்பதால் சோதனையிலும் எளிதில் சிக்காது. கம்பைலரை நான் குறை சொல்லமாட்டேன். 'இது ரகசியம்' என்று அதனிடம் சொல்ல மொழியில் நெடுங்காலம் நேரான வழி வைக்கவில்லையே!

கம்பைலர் கைவைக்க முடியாத துடைப்புக் கட்டளை 2014இல் ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் வந்தது, 2017இல் லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்தில் சேர்ந்தது. சி மொழியின் தரநிலையே அப்படியொரு கட்டளையை விருப்பத்துக்கு விடாமல் கட்டாயமாக்க சி23 பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் காட்டிய ஓரிடத்தை மட்டும்தான் துடைக்கும். இதற்கிடையில் மடிக்கணினியை ஹைபர்நேட்டில் போட்டிருந்தால், ராமில் இருந்ததன் நகல் வட்டில் ஏறியிருக்கும்.