மஞ்சள் முக்கோணம்

நம் சங்கத்துப் பிள்ளைகளில் டாக்ஸி ஓட்டுபவர்களும் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்களும் பலர். "இஞ்சின் லைட் எரியுது மாமா. செக் பண்ண கேபிள் வாங்கினேன், லேப்டாப் எடுக்கவே மாட்டேங்குது" என்று இடக்கொச்சியில் என்னிடம் வந்தவர்கள் சிலர் உண்டு. டீசல் எஞ்சின்களோடு காலம் கழித்த ரயில்வேக்காரன் என்பதால் என்னைத் தேடி வருகிறார்கள் போலும்! கேபிளைத் தூக்கி எறியுமுன் இதைப் படித்துவிடுங்கள், அன்பர்களே.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டை அமெரிக்கா 1996 முதல் புதுக் கார்களுக்குக் கட்டாயமாக்கியது. பின்னர் நம் ஊர்க் கார்களுக்கும் வந்துவிட்டது. காரின் கம்ப்யூட்டர் கண்ட கோளாறை நம் கம்ப்யூட்டருக்குச் சொல்ல, கேபிளுக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. அந்தச் சிப்பின் பேச்சை விண்டோஸுக்குப் புரியவைக்கும் மென்பொருளுக்குத்தான் டிரைவர் என்று பெயர். (சம்பளம் கேட்காத டிரைவர்!) அது இல்லாவிட்டால் டிவைஸ் மேனேஜரில் கேபிளின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் தெரியும். கேபிள் கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

எந்தச் சிப் என்று முதலில் பாருங்கள். அந்தப் பெயரில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் ஹார்ட்வேர் ஐடியைப் பார்த்தால் 0403, 6001 என்றிருப்பது ஸ்காட்லாந்தின் எஃப்.டி.டி.ஐ. சிப். 1ஏ86, 7523 என்றிருப்பது சீனாவின் சி.ஹெச்.340. ஒன்றின் டிரைவர் மற்றொன்றுக்கு உதவாது. டிரைவரை அந்தந்தக் கம்பெனியின் தளத்திலிருந்தே எடுங்கள். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுப் போடச் சொல்லும் சி.டி. எனக்குப் பிடிப்பதில்லை.

போலிச் சிப்பிலும் 0403, 6001 என்றே இருக்கும் என்பதுதான் வம்பு. 2014-இல் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்.டி.டி.ஐ. டிரைவர், போலிச் சிப்புகளின் 6001-ஐ 0000 என்று மாற்றிவிட்டது. முதல் நாள் வரை ஓடிய கேபிள்கள் மறுநாள் ஊமையாகின. எதிர்ப்பு கிளம்பவே அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். போலி செய்தவன் எங்கோ இருக்க, காசு கொடுத்து வாங்கியவன் தண்டனை அனுபவித்தது எனக்கு நியாயமாகப் படவில்லை.

டிரைவர் சரியானதும் காம் போர்ட் நம்பரைக் குறித்துக்கொண்டு, ஸ்கேன் மென்பொருளிலும் அதையே கொடுங்கள். சாவியை ஆன் நிலையில் வையுங்கள். கோடு வந்ததும் அழித்துவிடாதீர்கள், எழுதி வையுங்கள். பி0301 என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை. உடனே புதுக் காயில் வாங்க ஓட வேண்டாம். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள பெட்ரோல் கார் என்றால், முதல் காயிலை இரண்டாவதற்கு மாற்றிப் போட்டு, கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0302 வந்தால் காயில்தான். மீண்டும் பி0301 என்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.