கடைவீதி நிழலுக்கு நாம் கேட்க வேண்டியவை

பழைய கடைவீதிகளில் கூட்டம் குறைந்ததற்கு ஆன்லைன் விற்பனையையும் புறவழிச்சாலைப் பெருங்கடைகளையும் காரணம் சொல்கிறோம். உண்மைதான். ஆனால் சித்திரை வெயிலில், ஒதுங்க நிழலே இல்லாத தெருவுக்குக் கைக்குழந்தையோடு யார் வருவார்கள்? சாலையை அகலப்படுத்தியபோது மரங்கள் போயின. மிஞ்சிய மண்ணையும் பேவர் பிளாக் மூடிவிட்டது.

கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்க வேண்டிய நேரத்தைத்தான் தவறவிடுகிறோம். ஜேசிபி வந்து நின்ற பிறகு ஓடிப் பயனில்லை. டெண்டர் விடும் முன்பே கவுன்சிலரிடமும் பகுதி சபைக் கூட்டத்திலும் கேளுங்கள்: வரைபடத்தில் மரக்குழிகள் எங்கே, எவ்வளவு அகலம், நட்ட பிறகு தண்ணீர் ஊற்ற மதிப்பீட்டில் பணம் உண்டா? பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

மரக்குழி விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அடிமரம்வரை கான்கிரீட் போட்டால் வேருக்கு நீரும் காற்றும் போகாது; வலுவிழந்த மரம் புயலில் கடைமேல் சாயும். டெல்லி மரங்களைப் பற்றிய வழக்கில், அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் கான்கிரீட்டை அகற்றும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013ல் உத்தரவிட்டது. உங்கள் மனுவில் அதைச் சுட்டிக்காட்டலாம். மரத் தேர்வும் முக்கியம். சீக்கிரம் பச்சை தெரிய வேண்டுமென்று கோனோகார்பஸ் வைக்க வந்தால் மறுத்துவிடுங்கள். தமிழக அரசே அதற்குத் தடை விதித்திருக்கிறது. புங்கை, பூவரசு, மகிழம் போதும். மின்கம்பிக்கு அடியில் உயர மரம் வேண்டாம், ஆண்டுதோறும் மொட்டையடிப்பார்கள்.

இருக்கும் மரத்தை வெட்ட வந்தால், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவின் அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். பெயர்ப்பலகை மறைகிறது என்று இரவில் கிளை கழிப்பதும் வேரில் ஆசிட் ஊற்றுவதும் குற்றம். தேதியோடு படமெடுத்து நகராட்சி ஆணையரிடமும் காவல் நிலையத்திலும் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

அழகுபடுத்தல் என்ற பெயரில் பூக்காரம்மாவையும் பழவண்டிக்காரரையும் துரத்தினால் அந்தப் பசுமை யாருக்கு? 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டப்படி, அவர்களை இடம் மாற்ற 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். மீறினால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி அங்கே இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார்.