திரையில் ஓடும் வானம்

புகைவண்டியில் செல்வோர் காணும் காட்சி ஒன்றுண்டு. சாளரத்தின் அருகே நிற்கும் கம்பங்கள் கண்ணிமைக்கும் முன்னர்ப் பின்னோக்கி ஓடி மறையும். சற்றுத் தொலைவிலுள்ள பனைமரங்கள் மெல்லப் பின்னிடும். அவற்றிற்கும் அப்பாலுள்ள குன்று நகர்வதாகவே தோன்றாது. வானத்து மதியோ வண்டியுடன் கூடவே வருவதுபோலக் காணப்படும். ஓடுவது வண்டி, நிற்பன மரமும் குன்றும். எனினும் கண்ணுக்கு அது மாறாகத் தோன்றுகிறது. இம்மயக்கத்தையே முதலாகக் கொண்டு எழுந்தது ஒரு விளையாட்டு. பக்கவாட்டில் நகரும் வான்போர் விளையாட்டு என்று அதனைக் கூறலாம்.

இது வீடியோ விளையாட்டுகளுள் ஒரு வகை. ஒளித்திரையின் இடப்பக்கத்தில் சிறிய விண்கலம் ஒன்று காணப்படும். ஆடுவோன் கைப்பிடியால் அதனை மேலும் கீழும் முன்னும் பின்னும் செலுத்துவான். பொத்தானை அழுத்திக் குண்டுகளை ஏவுவான். வலப்பக்கத்திலிருந்து பகைக்கலங்கள் அணியணியாக வரும். விண்மீன்களும் மலைகளும் குகைகளும் வலமிருந்து இடமாக இடையறாது ஓடிக்கொண்டிருக்கும். கலம் பல்லாயிரம் காதம் பறந்து செல்வதாக ஆடுவோன் உணர்வான். உண்மையில் அது திரையின் எல்லையைத் தாண்டி ஓர் அங்குலமும் சென்றதில்லை. ஓடுவது வானமே.

வானத்தை ஓடச்செய்வது எளிய செயலன்று. 1983ஆம் ஆண்டில் ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனத்தார் வெளியிட்ட பேமிகாம் என்னும் வீட்டு விளையாட்டுப் பொறியைச் சான்றாகக் கொள்வோம். அது காட்டும் படத்தில் குறுக்கே 256, நெடுக்கே 240, ஆக 61,440 ஒளிப்புள்ளிகள் உள்ளன. படம் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 60 முறை புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே எழுதுவதாயின், ஒரு நொடியில் 36 இலட்சத்திற்கு மேற்பட்ட புள்ளிகளை எழுதுதல் வேண்டும். அப்பொறியின் கணிப்பகமோ ஒரு நொடிக்குச் சற்றொப்ப 18 இலட்சம் துடிப்புகளே உடையது. ஒரு துடிப்புக்கு ஒரு புள்ளி என்று எழுதினாலும் பாதிப் பணிதான் முடியும். பகைவரை நகர்த்துவதும் குண்டுகளைக் கணக்கிடுவதும் பின்னர் எங்ஙனம் இயலும்?

இவ்விடர்ப்பாட்டை அறிஞர்கள் இரண்டு உத்திகளால் வென்றனர். முதலாவது, தரையில் கல் பாவுவது போன்றது. பெரிய கூடத்தின் தளத்திற்குக் கொத்தன் நூறு வகைக் கற்களைத் தேடுவதில்லை. சிலவகைக் கற்களையே திரும்பத் திரும்பப் பதித்துக் கோலத்தை உண்டாக்குகிறான். அவ்வாறே எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்கள் சில முன்னரே வரைந்து வைக்கப்பட்டிருக்கும். பொறி தன் நினைவகத்தில் எழுதிக்கொள்வது முழுப் படத்தையன்று. எந்த இடத்தில் எந்தக் கட்டம் என்னும் குறிப்பை மட்டுமே. 61,440 புள்ளிகளுக்கு மாறாக 960 கட்டங்களை நினைவில் கொண்டால் போதும். இவ்வகை விளையாட்டில் ஒரே மலைமுகடு மீண்டும் மீண்டும் வருவதன் காரணம் இதுவே.

இரண்டாவது உத்தி, இரு கோல்களில் சுற்றிய நீண்ட படச்சீலை போன்றது. சீலையில் உள்ள ஓவியத்தை நகர்த்துவதற்கு அதனை அழித்து எழுத வேண்டுவதில்லை. ஒரு கோலைச் சுற்றினால் ஓவியம் தானே நகரும். பட நினைவகத்தின் எந்த நெடுவரிசையிலிருந்து காட்டத் தொடங்குவது என்னும் ஓர் எண்ணை மாற்றினால், திரை முழுவதும் ஒரு புள்ளி அளவு நகர்ந்துவிடும். அவ்வளவே வேலை. பார்வைக்கு அப்பாற்பட்ட பகுதியில் இனி வரவேண்டிய நிலத்தைக் கணிப்பகம் ஓசையின்றி எழுதிக்கொண்டிருக்கும். கூத்தில் திரைக்குப் பின்னால் அடுத்த வேடம் ஆயத்தமாவதை அவையோர் காணாதவாறு போல, ஆடுவோனும் அதனைக் காண்பதில்லை.

அண்மையில் உள்ளதை விரைந்தும், சேய்மையில் உள்ளதை மெல்லவும் ஓடவிட்டால் புகைவண்டிச் சாளரத்தின் மயக்கம் நிறைவெய்தும். 1982ஆம் ஆண்டில் வெளிவந்த 'மூன் பெட்ரோல்' என்னும் விளையாட்டு நிலவின் தரையையும் பின்னுள்ள மலைகளையும் வெவ்வேறு விரைவில் நகர்த்தி இதனைச் செவ்வனே காட்டியது.

பொறியின் வறுமை சிலவேளை விளையாட்டிற்கு வளமாக அமைந்ததும் உண்டு. 1978ஆம் ஆண்டில் டைட்டோ நிறுவனத்தைச் சார்ந்த டொமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் விளையாட்டை ஆக்கினார். அது பக்கவாட்டில் நகர்வதன்று. பகைவர் மேலிருந்து இறங்குவர். எனினும் வான்போர் விளையாட்டுகளுக்கெல்லாம் அதுவே மூத்தது போல மதிக்கப்படுகிறது. அதில் வரும் பகைவர் 55 பேர். அத்தனை பேரையும் ஒருங்கே நகர்த்தும் ஆற்றல் பொறிக்கு இல்லை. ஆதலால் அவர்கள் மெல்ல நகர்ந்தனர். ஆடுவோன் சிலரை வீழ்த்தியபின் பொறியின் சுமை குறைந்தது, எஞ்சியோர் விரைந்தனர். இறுதியில் நின்ற ஒருவனோ பாய்ந்து ஓடினான். நிஷிகாடோ இதனைக் குறையென்று நீக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார். வெற்றி நெருங்க நெருங்க இடரும் பெருகும் என்னும் சுவை விளையாட்டிற்கு இவ்வாறு வாய்த்தது.

பக்கவாட்டு வான்போரை உலகறியச் செய்தவை 1981ஆம் ஆண்டைச் சார்ந்த இரண்டு விளையாட்டுகள். ஒன்று ஜப்பானியக் கொனாமி நிறுவனத்தாரின் 'ஸ்கிராம்பிள்'. அதில் வானம் ஆடுவோனுக்காகக் காத்து நிற்பதில்லை. தானே நகர்ந்து அவனை இழுத்துச் செல்லும். எரிபொருளும் குறைந்துகொண்டே வரும். தரையிலுள்ள எரிபொருள் கலங்களைத் தாக்கினால்தான் அது நிரம்பும்.

மற்றொன்று அமெரிக்காவின் சிகாகோ நகரில் வில்லியம்ஸ் நிறுவனத்திற்காக யூஜீன் ஜார்விஸ் என்பார் வகுத்த 'டிபெண்டர்'. காவலன் என்பது அப்பெயரின் பொருள். பெயருக்கேற்ப, அதில் கொல்வதினும் காப்பதே முதன்மையானது. கோளின் தரையில் பத்து மனிதர் இருப்பர். பகைக்கலங்கள் இறங்கி அவர்களைப் பற்றி மேலே கொண்டு செல்லும். உச்சியை அடைந்துவிட்டால் பற்றியதும் பற்றப்பட்டவனும் ஒன்றாகிக் கொடிய உருவெடுத்துத் தாக்கும். இடையிலேயே பகைக்கலத்தை வீழ்த்தினால் மனிதன் விடுபடுவான். ஆயின் உயரத்திலிருந்து தரையில் வீழ்ந்தால் இறப்பான். ஆதலின் பகையை அழித்த கையோடு விரைந்து சென்று வீழ்பவனை வானிலேயே ஏந்தித் தரையில் இறக்குதல் வேண்டும். பத்துப் பேரும் இழக்கப்பட்டால் கோளே வெடித்துச் சிதறும். போர்க்களமோ திரையைவிடப் பன்மடங்கு அகன்றது. எங்கே யார் கவரப்படுகிறார் என்பதைத் திரையின் மேற்புறத்துள்ள சிறிய வரைபடம் காட்டும். கண் இரண்டினையும் இரண்டிடத்தில் வைத்தாலன்றி அதனை ஆடுவது அரிது. ஒரு கைப்பிடியோடு ஐந்து பொத்தான்களையும் இயக்க வேண்டியிருந்தமையால் பலர் அஞ்சினர், அஞ்சியும் ஆடினர்.

கொனாமி நிறுவனத்தார் ஸ்கிராம்பிளின் வழித்தோன்றலாகத் தொடங்கி, 1985ஆம் ஆண்டில் வெளியிட்டது 'கிராடியஸ்'. இவ்வகை விளையாட்டுகளுள் இதனைத் தலைமையானது என்று கூறினும் மிகையாகாது. எரிமலை கக்கும் நாடு, ஈஸ்டர்த் தீவின் கற்சிலைகளைப் போன்ற முகங்கள் வாய்திறந்து வளையங்களை உமிழும் நாடு எனப் புதுமை பல அதில் உண்டு. எனினும் அதன் சிறப்பு காட்சியில் இல்லை. திரையின் அடியிலுள்ள ஆறு சிறு கட்டங்களில் உள்ளது.

விக் வைப்பர் என்னும் ஆடுவோன் கலம் தொடக்கத்தில் வறியது; மெல்லச் செல்வது; ஒற்றைக் குண்டு ஏவுவது. சில பகைவரை வீழ்த்தினால் ஒளிரும் குளிகை ஒன்று கிடைக்கும். ஒரு குளிகை பெற்றால் முதற்கட்டம் ஒளிரும். அது கலத்திற்கு விரைவு தருவது. அதனை அப்பொழுதே பெற்றுக்கொள்ளலாம், கொள்ளாமல் காத்திருந்தால் அடுத்த குளிகை இரண்டாம் கட்டத்தை ஒளிரச் செய்யும், அது ஏவுகணை. மூன்றாவது இருதிசைக் குண்டு. நான்காவது லேசர்க்கதிர். ஐந்தாவது துணைக்கோளம். ஆறாவது காப்பு. பெற்றுக்கொண்டவுடன் கணக்கு மீண்டும் தொடக்கத்திற்குச் செல்லும். இப்பொழுது சிறு பொருளைப் பெற்று அமைவதா, பொறுத்திருந்து பெரும்பொருளை அடைவதா? எண்ணிக்கொண்டிருக்கும்பொழுதே பகைக்குண்டு வந்து தாக்கினால் சேர்த்த குளிகை எதற்கும் உதவாது. சந்தைக்குச் சிறுதொகையுடன் சென்ற இல்லத்தலைவிக்கு உண்டாகும் கலக்கம் இதுவே. அவளுக்குத் தலைக்குமேல் குண்டுகள் பறப்பதில்லை என்பதொன்றே வேறுபாடு.

துணைக்கோளத்தைப் பற்றித் தனியே கூறுதல் தகும். அது கலத்தைப் பின்தொடர்ந்து கலத்தைப் போலவே சுடும். நான்கு வரை பெறலாம். அவை கலத்தின் அருகே வெறுமனே ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. கலம் சற்றுமுன் எவ்வழிச் சென்றதோ அவ்வழியே அடிபிசகாமல் வரும். கலம் நின்றால் அவையும் நிற்கும். கலம் கடந்த இடங்களைப் பொறி வரிசையாகக் குறித்துவைத்து, அக்குறிப்பின்படி அவற்றை நடத்துவதே இதன் மறைபொருள். தேர்ந்தவன் தன் கலத்தை வளைத்துச் செலுத்திக் கோளங்களை மேலும் கீழும் பரப்பிக்கொண்டு குகையின் இருபுறத்தையும் ஒருங்கே தாக்குவான். சென்ற வழியே படைக்கலமாகிறது.

இத்துணை முயன்று பெற்றவையெல்லாம் ஒரு குண்டு பட்டால் ஒழியும். அடுத்த கலம் வறிய கலமாகவே, சற்றுப் பின்னுள்ள இடத்திலிருந்து தொடங்கும். நிறைந்த படையோடு கடக்க இயலாத இடத்தை வெறுங்கையோடு கடத்தல் வேண்டும். இக்கொடுமைக்குக் கலை மட்டுமன்று, வாணிகமும் காரணமாகும். ஜப்பானிய விளையாட்டுக் கூடங்களில் ஆட்டத்திற்கு 100 யென் நாணயம் இடுவது வழக்கம். ஒரு நாணயத்தில் ஒருவன் நெடும்பொழுது ஆடினால் கூடத்தினர் வாழ்வது எவ்வாறு? ஆடுவோன் விரைவில் தோற்கவும் வேண்டும். தோற்றது தன் பிழையே என்று எண்ணி மற்றொரு நாணயத்தை எடுக்கவும் வேண்டும். அவ்விரண்டினையும் நேர்மையாகச் செய்தவை சிலவே. கிராடியஸ் அவற்றுள் ஒன்று.

1986ஆம் ஆண்டில் அதனைப் பேமிகாம் பொறிக்கு மாற்றும் பணி கசுஹிசா ஹஷிமோட்டோ என்னும் நிரல் வல்லுநரிடம் வந்தது. கூடத்துப் பொறியின் ஆற்றல் வீட்டுப் பொறிக்கு இல்லை. ஒரே கிடைக்கோட்டில் நகரும் உருவக்கூறுகள் எட்டுக்கு மேற்பட்டால் எஞ்சியவற்றை அப்பொறியால் காட்ட இயலாது. ஆகையால் துணைக்கோளங்கள் நான்கு இரண்டாகக் குறைந்தன, லேசர்க்கதிரும் குறுகிற்று. பணி ஒருவாறு உருவானபின் அதனைத் தொடக்கமுதல் இறுதிவரை ஆடிச் சோதித்தல் வேண்டுமே! கூடத்து விளையாட்டை அவர் மிகுதியாக ஆடிப் பழகியவரல்லர். அதனை முடிக்கும் திறன் தமக்கில்லை என்பதைப் பிற்காலத்தில் அவரே ஒளியாமல் கூறினார். தாம் சமைத்த உணவைத் தாமே உண்ணமாட்டாத நிலை!

அவர் ஒரு வழி கண்டார். ஆட்டத்தை இடைநிறுத்திவிட்டு மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம் என அழுத்திப் பின்னர் 'பி', 'ஏ' என்னும் பொத்தான்களை அழுத்தினால், கலம் படைக்கலன்கள் நிரம்பப் பெறுமாறு அமைத்துக்கொண்டார். தம் நினைவில் எளிதில் நிற்பதற்காகவே அவ்வரிசையைத் தேர்ந்தார். விளையாட்டு வெளிவந்தபொழுது அதுவும் உள்ளேயே இருந்தது. ஆடுவோர் அதனைக் கண்டறிந்தனர். 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான கொனாமியின் 'காண்ட்ரா' விளையாட்டில் அதே வரிசை 30 உயிர்களைத் தந்தது. 'கொனாமிக் குறி' என்னும் பெயரோடு அது உலகெங்கும் பரவியது. பின்னர் வந்த மூன்றாம் கிராடியஸின் வீட்டு வடிவிலோ நிறுவனத்தார் ஒரு குறும்பு செய்தனர். பழைய வரிசையை மாற்றாமல் அப்படியே அழுத்தியவனுக்குப் படைக்கலன்கள் வந்தன; வந்த சிறுபொழுதில் கலம் வெடித்துச் சிதறிற்று! ஹஷிமோட்டோ 2020ஆம் ஆண்டில் மறைந்தார்.

இன்றைய கணிப்பொறிகளுக்கு இவ்வறுமை எதுவும் இல்லை. எனினும் பழைய தோற்றத்திலேயே வான்போர் விளையாட்டுகளைப் புதிதாக ஆக்குவோர் பலர் உளர். ஸ்பெயின் நாட்டில் லோகோமலித்தோ என்னும் புனைபெயர் கொண்டவர் ஆக்கிய 'ஹைடோரா' 2010ஆம் ஆண்டில் விலையின்றி வெளிவந்தது; விரிவாக்கிய வடிவம் 2017ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. எதையும் வரைய வல்ல பொறியில், வேண்டுமென்றே சில நிறங்களையும் பெரும்புள்ளிகளையும் மட்டும் ஆள்வது வீண்பிடிவாதம் என்று சிலர் கருதலாம். வெண்பா இயற்றுவோனைப் பார்த்து, உரைநடை இருக்கத் தளைக்குள் ஏன் துன்புறுகின்றாய் என்று வினவுவது போன்றது அது.

ஆனால் தளையை ஏற்றவன் அதனை முழுதும் ஏற்றல் வேண்டும். பழைய பொறிகள் பலவற்றில் உருவத்தைச் சுழற்றும் ஆற்றல் இல்லை. கலம் சாய்வதைக் காட்ட வேண்டுமாயின் ஓவியர் சாய்ந்த கலத்தைப் புள்ளி புள்ளியாகத் தனியே வரைந்தார். இக்காலத்தார் சிலர் நேர்கலத்தை மட்டும் வரைந்து, கணிப்பொறியைக்கொண்டு அதனைச் சுழற்றிவிடுகின்றனர். அப்பொழுது சதுரப்புள்ளிகளும் கலத்தோடு சேர்ந்து சாய்கின்றன. பழக்கமுள்ள கண் அதனை உடனே கண்டுகொள்ளும். பழைய திரையில் கலம் சாயும், புள்ளி சாய்வதில்லை.