120 பேரில் 18, 123 பேரில் 0: ஆய்வு அட்டவணையை எப்படி அமைப்பது?

படிவம் ஆறு மாணவரின் இடுபணி, பயிற்சி ஆசிரியரின் செயலாய்வு, பல்கலைக்கழக ஆய்வேடு என எதை எடுத்தாலும் அட்டவணை இல்லாமல் முடிவதில்லை. ஆனால் பலர் முடிவுகளை மட்டும் கடைசி நேரத்தில் கட்டங்களுக்குள் அடைத்துவிடுகிறார்கள். எப்படிச் செய்தோம் என்பது எங்கோ ஒரு பத்தியில் இருக்கும். என்ன கிடைத்தது என்பது பத்துப் பக்கம் தள்ளி இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வாசிப்பவருக்கு வழியே இருக்காது.

நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வைக் கொண்டு இதை விளக்கலாம். நம் வீட்டுப் புழுங்கல் அரிசிக்கும் அதில் பங்கு உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் பலரைக் கொன்றது. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், கடைசியில் இதயம் செயலிழக்கும். கிருமிதான் காரணம் என்றனர் சில மருத்துவர்கள். அரிசிதான் என்றனர் வேறு சிலர். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் லெனர்ட் பிரேடன் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களிடம் நோய் அதிகம். புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களிடம் அது அரிது.

1905-இல் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் இந்நோய் பரவியபோது, மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர் இதைச் சோதித்துப் பார்த்தார். அவர் செய்தவற்றை இன்றைய ஆய்வேட்டுக்கு ஏற்றபடி அட்டவணையாக்கினால் இப்படி வரும். ‘ஏன்’ என்ற பகுதி என் சொற்களில்:

படி | செய்தது | ஏன்
1 | நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணினார் | யார் எந்தப் பிரிவு என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமலிருக்க
2 | ஒற்றைப்படை எண்ணினர் கிழக்குக் கட்டடம், சயாம் பச்சரிசி. இரட்டைப்படை எண்ணினர் மேற்குக் கட்டடம், புழுங்கல் அரிசி | ஒப்பிட இரு பிரிவுகள் வேண்டும்
3 | மற்ற உணவில் மாற்றமில்லை | வேறுபாடு அரிசியில் மட்டும் இருக்க
4 | இடையில் இரு பிரிவினரும் கட்டடம் மாறினர், அரிசி மாறவில்லை | காரணம் இடமா அரிசியா என அறிய

நான்கு வரிகள்தாம். எனினும் வாசிப்பவர் எழுப்பக்கூடிய ஐயங்களில் பாதிக்கு இதிலேயே பதில் இருக்கிறது. செய்முறை அட்டவணையில் ‘ஏன்’ என்ற மூன்றாவது பகுதியைப் பெரும்பாலோர் போடுவதில்லை. என்னைக் கேட்டால், அது இல்லாத செய்முறை அட்டவணை சமையல் குறிப்போடு நின்றுவிடுகிறது.

இனி முடிவு. 1906 இறுதி வரையிலான கணக்கில் பச்சரிசிப் பிரிவில் இருந்தோர் 120 பேர். அவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் அரிசிப் பிரிவில் இருந்தோர் 123 பேர், ஒருவரும் இறக்கவில்லை. அந்தப் பிரிவில் இருவருக்கு நோய் இருந்தது. இருவரும் மருத்துவமனைக்கு வரும்போதே நோயுடன் வந்தவர்கள். 1907-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இது வெளிவந்தது.

இதை அட்டவணையில் எழுதும்போது முதலில் வர வேண்டியது 120, 123 என்னும் மொத்த எண்ணிக்கை. அதன் பிறகே இறப்பு. விழுக்காடு வேண்டுமானால் ‘18 (15%)’ என இரண்டையும் சேர்த்து எழுதலாம். விழுக்காட்டை மட்டும் எழுதக்கூடாது. என் இறுதியாண்டு ஆய்வேட்டில் ‘60 விழுக்காடு மாணவர்கள்’ என்று பெருமையாக எழுதியிருந்தேன். ‘எத்தனை பேரில்?’ என்று சிவப்பு மையில் கேட்டிருந்தார் விரிவுரையாளர். ஐந்து பேரில் மூவர்!

அடுத்தது சுழியம். புழுங்கல் அரிசிப் பிரிவின் இறப்புக் கட்டத்தில் 0 என்றே எழுத வேண்டும். கட்டத்தைக் காலியாக விட்டால், இறப்பு இல்லையா அல்லது கணக்கெடுக்கவில்லையா என்று தெரியாது.

அந்த இரு நோயாளிகளை என்ன செய்வது? ‘வரும்போதே நோய் இருந்தது, ஆகவே கணக்கில் சேரமாட்டார்கள்’ என்று நீக்கிவிட்டால் அட்டவணை அழகாகத் தெரியும். ஆனால் நீக்கியது யாருக்கும் தெரியாமல் போகும். 2 என்று எழுதி, அட்டவணைக்குக் கீழே காரணத்தைக் குறிப்பதே முறை. வகுப்பறை ஆய்வில் பாதியில் பள்ளி மாறிப்போன மாணவருக்கும் இதே விதிதான். மேலும், செய்முறை அட்டவணையில் பச்சரிசிப் பிரிவு முதலில் வந்தால் முடிவு அட்டவணையிலும் அதுவே முதலில் வர வேண்டும். பெயரையும் மாற்றக்கூடாது, ஓரிடத்தில் ‘பிரிவு அ’, இன்னோரிடத்தில் ‘சயாம் அரிசி’ என்றால் குழப்பம்தான்.

அந்த 18 என்பது வெறும் எண்ணன்று. எந்த அரிசி வேண்டும் என்று அந்த நோயாளிகளிடம் யாரும் கேட்கவில்லை. இன்று அப்படி ஓர் ஆய்வுக்கு அனுமதி கிடைக்காது. இன்றைய செய்முறை அட்டவணையில் ஒப்புதல் பெற்றதும் ஒரு படியாக இடம்பெற வேண்டும்.

நோய்க்குக் காரணம் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் தயமின் சத்து, அதாவது வைட்டமின் பி1, என்பது பின்னாளில் தெரியவந்தது. நெல்லை அவிக்கும்போது அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது.

ஃபிளெட்சருக்குப் பின், கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானில் ஜாவானியத் தொழிலாளர்களிடையே இதே கேள்வியை ஆராய்ந்தனர். அவர்கள் இரு குழுக்களின் அரிசியையே இடையில் மாற்றினர்; நோயும் அரிசியுடன் இடம் மாறியது. இத்தகைய ஆய்வுக்கு ஒவ்வொரு குழுவுக்கும் ‘மாற்றத்துக்கு முன்’, ‘மாற்றத்துக்குப் பின்’ என இரண்டு நிரல்கள் வேண்டும். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகப் போட்டால், மாற்றியதன் பயனே அட்டவணையில் தெரியாது.