உதிரம் காக்கும் கரங்கள்

நம் விரலில் ஊசி குத்தி ஒரு துளி இரத்தம் வந்தாலே நாம் பதறிப் போகிறோம். அவ்வாறிருக்க, கல்லீரலில் புற்றுநோய் கண்டு அப்பகுதியை அறுத்தெடுக்க நேர்ந்தால், பெருகும் இரத்தத்தை மருத்துவர்கள் எவ்வாறு தடுக்கின்றனர்? இதனைச் சற்று ஆராய்வோம்.

நம் உடலில் உள்ள இரத்தம் சுமார் 5 லிட்டர். கல்லீரலின் வழியே நிமிடத்திற்குச் சுமார் 1½ லிட்டர் இரத்தம் பாய்கிறது. இதில் ஏறத்தாழ முக்கால் பங்கைக் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரையும், கால் பங்கைக் கல்லீரல் தமனியும் கொண்டு வருகின்றன. மேலும், இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களுள் பெரும்பாலானவற்றை உண்டாக்குவதும் கல்லீரலே. எனவே நோயுற்ற கல்லீரலை அறுப்பது, காவற்காரனே நோயில் கிடக்கும் வீட்டின் கதவைத் திறப்பது போன்றதாகும்.

இவ்விரு குழாய்களும் கல்லீரலுக்குள் நுழையுமுன் ஒரே மெல்லிய மடிப்பினுள் சேர்ந்து வருகின்றன. விபத்தில் கல்லீரல் கிழிந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்த ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கில் என்ற கிளாஸ்கோ நகர மருத்துவர், அம்மடிப்பை விரல்களால் அழுத்திப் பிடித்தால் இரத்தம் நிற்கும் என்று 1908-ஆம் ஆண்டில் எழுதினார். அவர் அறுவை செய்த நோயாளிகள் பிழைக்கவில்லை. எனினும் அம்முறை பிழைத்தது. இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இரத்தமின்றிக் கல்லீரல் வாடிவிடக் கூடாதல்லவா? ஆகவே 15 நிமிடம் அடைத்து, 5 நிமிடம் திறந்து விடுவது வழக்கம்.

மதகை அடைத்தாலும், ஆற்றில் வெள்ளம் நிறைந்திருந்தால் நீர் வாய்க்காலில் எதிர்த்து ஏறும். அதுபோலவே, முன்வாசலை அடைத்த பின்னும் இதயத்திற்குச் செல்லும் பெருஞ்சிரையிலிருந்து இரத்தம் பின்னோக்கி வந்து, வெட்டிய இடத்தில் கசியும். இங்கே உதவுபவர் மயக்க மருந்து நிபுணர். கல்லீரலை அறுத்து முடிக்கும் வரை சிரை வழியே ஏற்றும் திரவத்தைக் குறைத்து, சிரையின் அழுத்தத்தைத் தாழ்வாக வைக்கிறார். முடிந்த பின்னரே தேவையான திரவத்தை அளிக்கிறார்.

எங்கே அறுப்பது என்பதும் முக்கியமன்றோ? 1957-இல் பிரான்ஸ் நாட்டின் குய்னோ என்பவர், கல்லீரல் 8 பகுதிகளாக அமைந்துள்ளது என்றும், ஒவ்வொன்றுக்கும் தனி இரத்த வழி உண்டென்றும் விளக்கினார். இவ்வெல்லைகளை அறிந்து அறுத்தால் இரத்த இழப்பு குறையும். வியட்நாமின் தோன் தாட் துங் என்ற மருத்துவர் கல்லீரலின் மென்மையான சதையை விரல்களால் நசுக்கினார். சதை விலகும், உறுதியான குழாய்கள் அறுபடாமல் தனித்து நிற்கும். அவற்றை ஒவ்வொன்றாகக் கட்டி வெட்டினார். இன்று இவ்வேலையைச் செய்ய மீயொலிக் கருவிகளும் உள்ளன.

நல்ல நிலையிலுள்ள கல்லீரல், ஒரு பகுதியை இழந்தாலும் மீண்டும் வளரும் ஆற்றல் பெற்றது. ஆனால் அது வளரும் வரை நோயாளி உயிரோடிருக்க வேண்டும். அதற்காகவே மருத்துவர் பலர் ஒவ்வொரு துளியையும் காத்து நிற்கின்றனர்.

தோழியரே! இந்நோய்க்கு ஒரு முக்கிய காரணமான ஹெப்படைட்டிஸ் பி தொற்றைத் தடுப்பூசியால் தடுக்கலாம். நம் வீட்டுக் குழந்தைகளுக்கு அதனைத் தவறாமல் போடச் செய்வோம். 18 வயது நிறைந்து உடல்நலமும் இருப்பின் இரத்த தானமும் செய்வோம். ஒரு துளியின் அருமையை அறிந்த நமக்கு அது பெரிய காரியமன்று.