ஊருக்குச் சங்கு ஊதிய மில்லுக்கே சங்கா? பீளமேடு ரங்கவிலாஸ் மில்லின் கதி என்ன?

கோவை,

ஒரு காலத்தில் பீளமேட்டில் கடிகாரம் இல்லாத வீடு உண்டு. மில் சங்கு கேட்காத வீடு கிடையாது. சங்கு ஊதினால்தான் அடுப்பு எரியும், டீக்கடையில் பாய்லர் சூடேறும், சைக்கிள்கள் சாரிசாரியாக ரோட்டுக்கு வரும். "சங்கு ஊதியாச்சுங்களா?" என்பதுதான் அன்றைக்கு மணி கேட்கிற பாஷை.

அந்தச் சங்கு 2020 மார்ச்சில் வாய் மூடியது. கொரோனா ஊரடங்கு என்றார்கள். நாலு வாரத்தில் திறந்துவிடும் என்று டிபன் கேரியரைக் கழுவி வைத்தவர்கள் ஐந்து வருஷத்துக்கு மேலாகக் காத்திருக்கிறார்கள்.

23 மில்லுக்கும் பூட்டு

பீளமேடு ரங்கவிலாஸ் மில் மட்டுமல்ல. தேசிய பஞ்சாலைக் கழகத்தின், அதாவது என்.டி.சி.யின், 23 மில்களும் நாடு முழுக்க அன்றைக்கு நின்றன. தமிழ்நாட்டில் 7. அதில் 5 கோவையில்: ரங்கவிலாஸ், பங்கஜா, முருகன் மில், ஒண்டிப்புதூர் கம்போடியா மில், ஸ்டேன்ஸ் மில் என்று ஊரே அழைக்கும் கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில்.

கடைசியாகச் சொன்னதுதான் கோவையின் மூத்த பிள்ளை. 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற வெள்ளைக்காரர் தொடங்கியது. 1932-ல் பைக்காரா மின்சாரம் மலையிலிருந்து இறங்கியதும் மில்கள் மளமளவென்று பெருகின. 'தென்னிந்திய மான்செஸ்டர்' என்று பேர் வந்தது.

ரத்தம் பார்த்த வாசல்

ரங்கவிலாஸ் மில்லுக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் என்ற நான்கு தொழிலாளிகள் இந்த மில்லைச் சேர்ந்தவர்கள். ஆலைத் தகராறில் நடந்த கொலை வழக்கில் இவர்களுக்குத் தூக்குத் தண்டனை. 1946 ஜனவரி 8-ந்தேதி நால்வரையும் கோவை ஜெயிலில் ஒரே நாளில் தூக்கிலிட்டார்கள். 'சின்னியம்பாளையம் தியாகிகள்' என்று அந்த நாளில் இன்றும் மாலை போட்டு வணங்குகிறார்கள்.

சர்க்கார் மில் ஆன கதை

நாட்டில் பல மில்கள் நஷ்டத்தில் விழுந்தன. தொழிலாளி தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்று மத்திய சர்க்கார் 1968-ல் என்.டி.சி.யைத் தொடங்கியது. 1974-ல் தனிச் சட்டம் போட்டு 103 மில்களை நாட்டுடைமை ஆக்கியது. அன்றைக்கு மில் வேலை சர்க்கார் வேலை ஆனது. மாப்பிள்ளை என்.டி.சி.யில் இருக்கார் என்றால் பொண்ணு வீட்டுக்காரர்கள் மறுபேச்சு பேசாத காலம் அது.

பிற்பாடு நஷ்டம் தலைக்கு மேல் போனது. ஊருக்குள் இருந்த சோமசுந்தரா, காளீஸ்வரா மில்களின் சங்கு முதலில் ஓய்ந்தது. மீதி மில்களைக் காப்பாற்ற, நிலத்தை விற்றுப் பணம் திரட்டினார்கள். 2005-ல் மும்பையில் 5 மில் நிலங்கள் மட்டுமே 2 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் போயின. அப்படிச் சேர்ந்த பணத்தில் பல மில்களுக்குப் புது மெஷின்கள் வந்தன.

இருந்ததை விற்று மெஷின் வாங்கி, அதையும் ஓட்டாமல் நிறுத்தி வைத்திருப்பதுதான் இன்றைய வேடிக்கை. நூல் மெஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய சாமான். நின்றால் கதிரில் எண்ணெய் இறுகும், பெல்ட் வெடிக்கும், துரு ஏறும். நிற்கிற ஒவ்வொரு மாசமும் திறக்கிற செலவு கூடிக்கொண்டே போகும்.

அரைச் சம்பளம், முழுக் கவலை

ஊரடங்கு முடிந்த பிறகும் மில் பழையபடி ஓடவில்லை. நிரந்தரத் தொழிலாளிக்குப் பாதிச் சம்பளம் என்று ஆனது. அதுவும் மாசக்கணக்கில் பாக்கி விழுந்தது. கட்சி பேதம் பார்க்காமல் தொழிற்சங்கங்கள் ஒன்றாகச் சேர்ந்து கோவையில் போராட்டம் நடத்தின. பதிலித் தொழிலாளி பாடு இன்னும் மோசம். வேலை கிடைத்த நாளுக்குத்தான் அவருக்குக் கூலி. மில்லே ஓடாதபோது வேலைக்கு எங்கே போவார்?

வேறு வேலைக்குப் போகலாமே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். இன்றைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்தால், நாளைக்கு மில்லை மூடி நஷ்டஈடு கொடுத்தாலும், விருப்ப ஓய்வு கொடுத்தாலும், அந்தப் பணம் போச்சு. இருந்தாலோ அரை வயிறு. ஐம்பது வயசைத் தாண்டியவரை எந்தத் தனியார் மில் எடுக்கும்? வேலையில் இருக்கிறார், ஆனால் வேலை இல்லை. ரெண்டுங்கெட்டான் பிழைப்பு.

கண் எல்லாம் நிலத்தின் மேலே

இதற்கிடையே பீளமேடு மாறிவிட்டது. ஒரு பக்கம் விமான நிலையம், ஒரு பக்கம் டைடல் பார்க். 2025 அக்டோபரில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10 கிலோமீட்டர் மேம்பாலம் அவிநாசி ரோட்டில் திறந்தாச்சு. சென்டு கணக்கில் நிலம் பேசுகிற இடத்தில் ஒரு மில் வளாகமே சும்மா கிடந்தால் யார் கண்ணைத்தான் உறுத்தாது?

விற்றால் இன்னொரு வணிக வளாகம் வரும். அதுதான் முடிவு என்று இல்லை. மும்பை தாதரில் இதே என்.டி.சி.யின் இந்து மில் நிலம் அம்பேத்கர் நினைவிடத்துக்குப் போனது. காலாசௌக்கியில் இன்னொரு மில் இடம் ஜவுளி அருங்காட்சியகத்துக்கு என்று ஆனது. நூற்றாண்டுக்கு மேல் நூல் நூற்ற கோவையில் அப்படி ஒரு மியூசியத்துக்கு இடமில்லையா?

ரெண்டில் ஒன்று

தொழிலாளிகள் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. ஓட்டுவதானால் பஞ்சு வாங்கிப் போட்டு ஓட்டுங்கள். மூடுவதானால் பாக்கி வைக்காமல் கணக்கைத் தீர்த்துக் கையில் கொடுங்கள். ஓட்டாமலும் மூடாமலும் இழுத்துக்கொண்டே போனால் மெஷின் இரும்புக் கடைக்குப் போகும். தொழிலாளி ஒவ்வொருவராக வயசாகி வெளியே போவார். பிறகு முடிவெடுக்க நிலம் மட்டும்தான் மிஞ்சும்.

அவிநாசி ரோட்டு பஸ்ஸில் கண்டக்டர்கள் இன்றைக்கும் "லட்சுமி மில் இறங்கு" என்று குரல் கொடுக்கிறார்கள். இறங்கிப் பார்த்தால் அங்கே கடைகளும் ஓட்டல்களும்தான். பேர் மட்டும் மிச்சம். ரங்கவிலாசுக்கும் பேர் மட்டும்தானா, சங்கும் உண்டா? டெல்லிதான் சொல்ல வேண்டும்.