வெள்ளிச் சுரங்கம் விட்டுப்போன எல்லைக்கோடு

தென் பெருவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் அடுத்தடுத்து இருக்கும் மாவட்டங்கள் அவை. நிலத்தின் உயரம் ஏறக்குறைய ஒன்றுதான், மக்களும் கெச்சுவா பேசும் பழங்குடிகள்தான். ஆனாலும் சில மாவட்டங்களில் ஒரு குடும்பத்தின் நுகர்வு, பக்கத்து மாவட்டத்தைவிடச் சுமார் 25 சதவீதம் குறைவு. வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளின் பங்கும் அங்கே சுமார் 6 சதவீதப் புள்ளிகள் அதிகம். ஏன் என்று தேடிப்போன அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மெலிசா டெல், 1573-ஆம் ஆண்டில் போய் நின்றார்.

ஸ்பெயின் பேரரசு அந்த ஆண்டில் ‘மித்தா’ என்ற கட்டாய உழைப்பு முறையைக் கொண்டுவந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட பழங்குடிச் சமூகங்கள், தங்கள் ஆண்களில் ஏழில் ஒரு பங்கினரைச் சுரங்க வேலைக்கு அனுப்ப வேண்டும். சிலர் இன்றைய பொலிவியாவில் உள்ள பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்குப் போனார்கள். மற்றவர்களுக்கு வாங்காவெலிக்கா பாதரசச் சுரங்கம். தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரிக்கப் பாதரசம் தேவை. அதன் ஆவியோ நஞ்சு. இந்த முறை 1812-இல்தான் ஒழிந்தது. இன்று பின்தங்கியிருக்கும் அந்த மாவட்டங்கள், மித்தாவுக்கு உட்பட்டிருந்தவை.

ஒழிந்து இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஏழைப் பகுதி வேகமாக வளர்ந்து, பணக்காரப் பகுதியை மெல்ல எட்டிப்பிடிக்கும் என்பது வளர்ச்சிப் பொருளாதாரத்தின் பழைய எதிர்பார்ப்பு. அமெரிக்க மாநிலங்களை ஆராய்ந்த ராபர்ட் பாரோவும் சேவியர் சலா-ஐ-மார்ட்டினும் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீத வேகத்தில் இடைவெளி குறைவதாகக் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கில் 35 ஆண்டுகளில் பாதி இடைவெளி மறைய வேண்டும். பெருவில் அப்படி நடக்கவில்லை.

மண்ணும் மலையும்தான் காரணமோ என்ற கேள்வி எழுவது இயல்பு. சுரங்கத்துக்கு அருகில், உயரமான இடத்தில் இருந்த ஊர்களையே அதிகாரிகள் தேர்ந்தெடுத்தார்கள் என்பதால் அந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட. அதனால்தான் டெல் நாட்டையே இரண்டாகப் பிரித்து ஒப்பிடவில்லை. மித்தா நடந்த பகுதியின் எல்லையில், இரு பக்கமும் நிலம் ஒன்றுபோல இருக்கும் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, எல்லைக்கோட்டை ஒட்டிய ஊர்களை ஒப்பிட்டார். ஆய்வு வெளியானது 2010-இல். பத்து ஆண்டு கழித்து அவருக்கு ஜான் பேட்ஸ் கிளார்க் பதக்கம் கிடைத்தது.

இதில் எனக்குச் சுவையாகப் பட்டது காரணத்தைப் பற்றிய பகுதி. லத்தீன் அமெரிக்காவின் பின்தங்கலுக்குப் பெருநிலப் பண்ணைகளைக் குற்றம் சொல்வது வழக்கம். இங்கோ அந்தப் பண்ணைகள் வளர்ந்தது எல்லைக்கு வெளியே. உள்ளே அவை வர அரசு விடவில்லை: சுரங்கத்துக்குப் போக வேண்டிய ஆளைப் பண்ணை இழுத்துக்கொள்ளக் கூடாதே! பண்ணையாருக்கு அரசியல் செல்வாக்கு இருந்தது. விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோக அவருக்குச் சாலை வேண்டும், கேட்டு வாங்கினார். உள்ளே இருந்த சமூக நிலங்களுக்கு உறுதியான உரிமையும் இல்லை, ஊருக்காகப் பேச ஆளும் இல்லை. 1969 நிலச் சீர்திருத்தத்துக்குப் பின் பண்ணைகள் உடைக்கப்பட்டன, சாலைகளோ நிலைத்து நின்றன. இன்றும் மித்தா மாவட்டங்களில் சாலை வசதி குறைவு. அங்குள்ள விவசாயிகளில் தங்கள் வீட்டுத் தேவைக்கு மட்டும் பயிரிடுவோரே அதிகம்.

இதைப் படித்துவிட்டு, ஜமீன்தாரி முறை நல்லதுதான் என்று யாராவது கிளம்பக்கூடும். டெல் அப்படிச் சொல்லவில்லை. பண்ணை ஆட்களும் சுரண்டப்பட்டவர்கள்தான். அவர் பண்ணையை ஒப்பிட்டது, ஆளைப் பிடித்துச் சுரங்கத்துக்கு அனுப்பிய ஓர் அரசோடு. உறுதியான பட்டாவும் சாலையும் பெற்ற சிறு விவசாயிகள் அந்த மலையில் எப்படி வாழ்ந்திருப்பார்கள் என்பதை ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. கோட்டின் எந்தப் பக்கத்திலும் அப்படி ஒரு ஏற்பாடு அன்று இருக்கவில்லை.